கூடும் வீடும் – 9: முகம் மறக்காத காக்கை

பறவைகளுக்காக வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக் கதையைப் போன வாரம் முடித்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் மக்காச்சோளக் காட்டில் இறங்கும் மயில்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டியில் ஒரு காக்கையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறெதையும் எழுத ஓடவில்லை.

அத்தை வீட்டு மொட்டைமாடியை ஒட்டி வேப்பமரம். அதில் காக்கைக் கூடு. அத்தை கூழ்வடகம் காயப்போட மாடி ஏறினார். நானும் கூடவே போனேன். காக்கை எங்கள் இருவரையும் பார்த்தது, பேசாமல் இருந்தது.

"நம்மள ஒண்ணும் செய்யாது மருமகனே. எங்க வீட்டுப் பையனைக் கண்டாத்தான் ஆகாது. வாசல்ல அவன் செருப்பு மாட்டும்போதே கத்த ஆரம்பிச்சிருது" என்றார்.

பத்து நாளைக்கு முன்னால் அவன் துரட்டியை எடுத்துக் கூட்டைக் கலைக்கப் பார்த்திருக்கிறான். கூடு தப்பித்தது. அன்றிலிருந்து அவன் தலையில் நான்கு தடவை அடி. வேலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வாசலையே தாண்டுகிறான். அத்தை சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றியிருக்கிறார். ஏற்றட்டும், அதில் எனக்குப் பிணக்கில்லை. எனக்குள் ஓடியது வேறு கேள்வி: தெருவில் இத்தனை பேர் போக வர, இவனை மட்டும் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதே கேள்வியை ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளிடமே கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப். 2006-ல் அவரும் சகாக்களும் ஆதிமனிதன் முகம் போன்ற ரப்பர் முகமூடி அணிந்து, வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்தார்கள். காலில் வளையம் மாட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யாராவது சும்மா நடந்து போனாலே காக்கைகள் கூடிக் கத்தின. அன்றைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அதைப் போட்டு நடந்தவரைக் காக்கைகள் சட்டை செய்யவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆதிமனிதன் முகமூடியோடு நடந்தபோது எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 கத்தின. பிடிபட்டவை ஏழுதான் என்பதை நினைவில் வையுங்கள். மற்றவை, பிடிபட்டவை கத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. தாய் கத்துவதைப் பார்த்துக் குஞ்சுகளும் கற்றுக்கொண்டன. முகமூடியைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார்கள். சில காக்கைகள் தங்கள் தலையையும் தலைகீழாகத் திருப்பி அந்த முகத்தைச் சரிபார்த்தன! இந்த வரியைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து ஒரு காக்கைகூடக் கத்தாத நாள் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அவை அமெரிக்கக் காக்கைகள். நம் சாம்பல் கழுத்துக் காக்கை வேறு இனம். ஆனாலும் அத்தை வீட்டு வாசலில் நடப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தெருவில் போன வருடத்துக் கூடு ஒன்று விழுந்து கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கட்டுக்கம்பி. நடுவில் எரிந்து தீர்ந்த மத்தாப்புக் கம்பிகள் நான்கைந்து. தீபாவளிக்கு நாம் தெருவில் போட்டதைக் கோடையில் காக்கை பொறுக்கிக்கொள்கிறது. டோக்கியோவில் துணி மாட்டும் கம்பி ஹேங்கர்களைத் திருடிக் கூடு கட்டுகின்றன, இங்கே மத்தாப்பு. மரத்தில் கட்டினால் தொல்லையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் மேல் கட்டினால் கம்பி உரசி, தெருவே இருட்டாகிவிடும். காக்கை மேல் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

சட்டமும் காக்கையைப் பற்றி மனம் மாறியிருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடு சேர்த்துக் காக்கையையும் தொல்லை உயிர்கள் பட்டியலில் வைத்திருந்தார்கள், யாரும் கொல்லலாம். 2022-ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அந்தப் பட்டியலே இல்லை. காக்கை இப்போது பாதுகாக்கப்பட்ட பறவை. இது சரியான முடிவு என்றே நான் சொல்வேன். அமாவாசைக்குச் சோறு வைத்து, கனுவுக்குப் பிடி வைத்து, "கா, கா" என்று நாமே கூப்பிட்டு வளர்த்த பறவை அது.

முட்டை பொரிய பதினாறு, பதினேழு நாள். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப இன்னும் மூன்று, நான்கு வாரம். கோடைக் கூடென்றால் உள்ளே குயில்குஞ்சும் இருக்கலாம்; அதையும் காக்கைதான் ஊட்டி வளர்க்கும். தலையில் அடிப்பதெல்லாம் பெரும்பாலும் குஞ்சு தத்தித் தத்திக் கிளைக்கு வரும் அந்தக் கடைசி நாட்களில்தான்.

அதுவரை துரட்டியைச் சுவரோரம் சாத்தி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் கூடு இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நீங்களே கம்பெடுத்துக் குத்தாதீர்கள், உயிர் போகும். வாசலில் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். மயில்களை அடுத்த வாரம் பார்ப்போம்.