தலைப்பு இல்லாத கணக்கு

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கணக்கு டியூஷன் முடிந்து வீடு திரும்பும் பிளஸ் டூ பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது: "வீட்டுல போட்டா வருது, பரீட்சையில வர மாட்டேங்குது." பெற்றோர் இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி செய்யும் வரிசைதான் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஐந்தாம் அத்தியாயம் பகுமுறை வடிவியல். அதன் பயிற்சியில் பாலத்து வளைவைப் பற்றிக் கணக்கு வந்தால், அது பரவளையமோ நீள்வட்டமோதான் என்று படிக்கும் முன்பே தெரிந்துவிடும். பெரும மதிப்பு கேட்டால் ஏழாம் அத்தியாயம். காபி ஆறும் நேரத்தைக் கேட்டால் பத்தாம் அத்தியாயம். வினாத்தாளில் இந்தத் தலைப்புகள் இருக்காது. எந்த வழியில் போவது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் ஸ்டெப். அதற்கு மட்டும் நாம் பயிற்சியே எடுப்பதில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆய்வாளர் டக் ரோரரும் உடன் பணியாற்றியவர்களும் ஏழாம் வகுப்பில் கலந்து போடும் பயிற்சியைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே கணக்குகள்தான், சில பாடங்களைக் கலந்து போட்டார்கள், சிலவற்றை வகைவகையாகப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டதில் சராசரி 74 சதவீதம், மற்றதில் 42.

நீங்களும் செய்யலாம். பன்னிரண்டு அத்தியாயங்களிலிருந்தும் கணக்குகளைத் துண்டுச்சீட்டில், அத்தியாய எண் போடாமல், எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். தினமும் ஐந்தை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துப் போடுங்கள். கைடில் போட்டிருப்பதைப் பார்த்து "தெரியும்" என்று தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது. நின்றுவிட்டால் ஒரே ஒரு ஸ்டெப் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மூன்று நாள் கழித்து அதே சீட்டை முதலிலிருந்து போடுங்கள்.

எழுத்துத்தேர்வு 90 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஒரு மார்க் கேள்விகள் இருபது. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் பத்தில் ஏழு எழுதவேண்டும், ஆனால் இரண்டிலும் தலா ஒரு கேள்வி கட்டாயம். ஐந்து மார்க் ஏழிலும் 'அல்லது' உண்டு. அத்தியாயத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள் கட்டாயக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். தனிநிலைக் கணிதத்தைக் கடைசி அத்தியாயம் என்பதற்காக விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெய்மை அட்டவணை ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும். பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு. இங்கே ஒரு மார்க் போனால் அங்கே இரண்டு மார்க் போனதற்குச் சமம்.

தேர்வு தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அத்தியாயத்தை மனதில் குறித்துக்கொள்ள அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாளோடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தோடு உட்கார அங்கே தனிப் பகுதி உண்டு. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு நீங்களே திருத்துங்கள். கூட்டல் கழித்தலில் போன மார்க்கை ஒரு பக்கம், வழி தெரியாமல் போனதை இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்துக் கணக்குகள் அன்றிரவே டப்பாவுக்குள் போகட்டும்.