ஊசிக்கும் உணவுக்கும் இடையில்

ராஜபாளையத்துப் பஞ்சாலையொன்றில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் ஒரு தாய், முதல் வகை நீரிழிவு கண்ட தன் குழந்தைக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, காலை ஆகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு வாசலைத் தாண்டுவாளானால், அந்த நம்பிக்கைக்குள்ளேயே ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது மெய். ஆனால் சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பும், விரைவு வகையைப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பும் போடுவதே கிரமமாகையால், ஆறு மணிக்கு ஊசியும் எட்டரை மணிக்கு உப்புமாவும் என்றால், இடைவேளையில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஊசி எங்கே போடப்படுகிறதோ அங்கேயே தட்டும் தயாராக இருக்கவேண்டும். தாயால் இயலாதபோது பாட்டியோ, மனமுவந்த ஆசிரியையோ ஊசி போடக் கற்றுக்கொள்வது சாத்தியமே. ஆஸ்பத்திரியில் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற அழுகை, பாடத்தில் கவனமின்மை ஆகியவை சர்க்கரை இறங்குவதன் லட்சணங்கள். கருவியில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் தாமதிக்கலாகாது: வளர்ந்த பிள்ளைக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்; சிறு குழந்தைக்கு டாக்டர் குறித்துத் தந்த குறைந்த அளவு போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தை இந்த வேளைக்கு நம்பக்கூடாது, ஏனெனில் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐ அழைப்பதே உயிரைக் காக்கும்.

இதற்கு நேர்மாறான தவறு, பயத்தினால் குழந்தையைப் பட்டினி போடுவது. வளரும் பிராயத்துப் பிள்ளைக்குச் சோறும் இட்லியும் விலக்கல்ல. தினமும் ஒரே கரண்டியால் அளந்து, அந்த அளவுக்கேற்ப இன்சுலினை டாக்டரின் யோசனைப்படி அமைத்துக்கொண்டால், ஆடிப்பூரத் தேருக்குப் போய்ப் பிரசாதம் உண்ணும் சந்தோஷத்தைக்கூட மறுக்கவேண்டியதில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரையில், இந்நோய் கண்ட குழந்தைகளை அரைப்பட்டினியாக வைத்துச் சில காலம் ஜீவித்திருக்கச் செய்வதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழியில்லாதிருந்தது. அந்த நிலைமை மாறி ஒரு நூற்றாண்டான பிறகும், ஊசியே வேண்டாம், லேகியத்தில் அடியோடு குணமாகும் என்று சொல்லி விற்பவரை நம்பி இன்சுலினை நிறுத்துவது கொடுமை. நிறுத்திய சில நாட்களிலேயே வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, சுவாசத்தில் பழ வாசனை ஆகியவை தோன்றி, உயிருக்கே ஆபத்தாக முடியும். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடைசெய்கிறது.

பள்ளிக்கூடத்தின் கடமையும் தெளிவானது. வகுப்பிலோ பரீட்சையிலோ இருக்கும் இக்குழந்தைகள் சர்க்கரையைப் பரிசோதிக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடைவேளைச் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்கப்பட வேண்டுமெனத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமோ 2017-லேயே பொதுத்தேர்வுகளில் தின்பண்டம் கொண்டுசெல்ல இடமளித்தது. ஊசி நேரம், சிற்றுண்டி நேரம், மயக்கம் வந்தால் செய்யவேண்டியது, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை டாக்டரிடம் எழுதி வாங்கி, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் பெற்றுக்கொள்வது நல்லது. அதற்குப் பின்னும் மறுப்பு வந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ விருதுநகரிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ அந்தப் பிரதியுடன் முறையிடலாம்.