பாக்கு ஏன் துவர்க்கிறது? கன்னம் ஏன் இறுகுகிறது?

1956-ல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் பிரியவில்லை. இரு மொழியினரும் கூடுமிடம் சாயாக்கடையும் முறுக்கான் கடையும்தான். கட்டன் சாயா குடித்தாலும் சரி, இளம்பாக்கு மென்றாலும் சரி, வாய் உலர்ந்து நாக்கு ஒட்டுகிறது. அந்தத் துவர்ப்புக்குப் பின்னே சுவையான விஞ்ஞானம் இருக்கிறது.

புரதம் என்றால் பூட்டைப் போலத் திட்டமான உருவம் கொண்டது, பொருந்துகிற சாவி மட்டுமே அதில் சேரும் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் கருதினர். நிலையான உருவமே இல்லாத புரதங்களும் ஏராளம் என்பது 1990-களின் இறுதியில் தெளிவாயிற்று. உமிழ்நீரில் உள்ள, புரோலின் மிகுந்த புரதம் இந்த ரகம்.

அவிழ்ந்த நூல்போல் நெளியும் இப்புரதத்தின் நீளம் நெடுகிலும் பாக்கு, தேயிலையிலுள்ள டானின் ஒட்டிக்கொள்கிறது. பல இழைகள் ஒன்றாகித் திரள்கின்றன. உமிழ்நீரின் வழுவழுப்பு போய்விடுகிறது. அதுவே துவர்ப்பு. பாலிலுள்ள கேசினும் உருவமற்ற புரதமே. கோப்பையிலேயே அது டானினைப் பிடித்துவிடுவதால் பால் சாயா அவ்வளவு துவர்ப்பதில்லை.

தங்கிவிடும் தீங்கு

கன்னச் சதைக்கு உறுதி தரும் கொலாஜன் இதற்கு நேர்மாறு. மூன்று இழை முறுக்கிய கயிறு அது. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டு சொன்னவர்கள், எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

பாக்கின் டானின் கொலாஜனிலும் சேர்கிறது. சேர்ந்த கயிற்றை உடல் எளிதில் அறுத்து அகற்ற முடிவதில்லை. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளோ மேலும் கொலாஜனை உண்டாக்குகிறது. உமிழ்நீரில் திரண்டது விழுங்கினால் போய்விடும். கன்னத்தில் சேர்ந்தது தங்கிவிடும். காரம் பட்டால் எரிச்சல், வெளுத்த கன்னம், திறக்க முடியாத வாய் என்று நோய் வளரும். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது.

'புகையிலை சேர்க்காமல்தானே போடுகிறோம்' என்று ஆறுதல் கொள்வோர் பலர். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது.

முன்கூட்டிக் கண்டால் பயன் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய வாய்ப் பரிசோதனை ஆய்வின் முடிவு 2005-ல் வெளியாயிற்று. புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தமது மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாதவர்கள், பாக்கை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வாயைக் காட்டுவது நல்லது.