அக்ஸ்பிரிட்ஜ்: 495 ஓட்டுகளை வாசித்தது யார்?

இடைத்தேர்தலில் ஓட்டு எண்ணி முடிந்ததும் இன்னொரு வேலை தொடங்குகிறது. ஜனங்கள் எதற்காக இப்படிப் போட்டார்கள் என்று சொல்கிற வேலை. பொதுத்தேர்தலில் இந்தக் கேள்விக்குப் பத்துப் பதில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கும். ஒற்றைத் தொகுதியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு காரணத்தைப் பிடித்து ‘மக்கள் தீர்ப்பு’ ஆக்கிவிடலாம். லண்டனின் மேற்கு விளிம்பில் இருக்கிற அக்ஸ்பிரிட்ஜ் – சவுத் ரைஸ்லிப் தொகுதியில் 2023 ஜூலை 20இல் நடந்தது இதுதான்.

ஊரடங்குக் கால விருந்துகள் குறித்துச் சபையைத் தவறாக வழிநடத்தினாரா என்று விசாரித்த குழுவின் அறிக்கை கைக்கு வந்ததும், போரிஸ் ஜான்சன் எம்.பி. பதவியை விட்டு ஓடினார். அதனால் வந்த தேர்தல். கன்சர்வேடிவ் வேட்பாளர் ஸ்டீவ் டக்வெல் 13,965. தொழிற்கட்சியின் டேனி பீல்ஸ் 13,470. வித்தியாசம் 495.

ஜெயித்தவர் ஜான்சனைக் காட்டி ஓட்டுக் கேட்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது ‘யுலெஸ்’ என்கிற புகைக் கட்டணத்தை. புகைத் தரம் எட்டாத பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. மேயர் சாதிக் கான் ஆகஸ்ட் 29 முதல் இதைப் புறநகர் முழுவதற்கும் விரிவாக்கவிருந்தார். (மேயராக இருந்தபோது இத்திட்டத்தை முதலில் அறிவித்தவர் இதே ஜான்சன்தான் என்பது தனி வேடிக்கை.) யுலெஸ்தான் தொழிற்கட்சியைத் தோற்கடித்தது என்றார் டக்வெல். தோற்ற கட்சியின் தலைவர் ஸ்டார்மரும் அதையே ஒப்பித்தார். மேயர் யோசிக்க வேண்டும் என்றார். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே வாசிப்பில் சேர்ந்துகொண்டால் அது உண்மையாகிவிடுகிறது!

சரி, எண்களைப் பார்ப்போம். 2019இல் இங்கே ஜான்சன் வாங்கியது 25,351, தொழிற்கட்சி 18,141. இப்போது இரண்டுமே சரிந்திருக்கின்றன, வென்ற கட்சிதான் அதிகமாக. வாக்காளர்களில் பாதிக்கு மேல் சாவடிப் பக்கமே வரவில்லை. பசுமைக் கட்சி 893 ஓட்டு வாங்கியது. வித்தியாசத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விரிவாக்கத்துக்கு இது நேரமில்லை என்று பீல்ஸ் பின்வாங்கியதால்தான் அந்த ஓட்டுகள் போயின என்றும் வாசித்திருக்கலாமே? அதுதான் சரியான வாசிப்பு என்று நான் வாதிடவில்லை. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக அந்தக் கோபம் பொய் என்றாகாது. பழைய டீசல் வேனில் குழாய் ரிப்பேருக்குப் போகிறவர், நைட் ஷிப்ட் முடிந்து வருகிற ஆஸ்பத்திரி ஊழியர் – இவர்களுக்கு 12.50 பவுண்டு சில்லறைக் காசு இல்லை. நகர மையத்துக்கு ரயில் இருக்கிறது. ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போவதுதான் பாடு. இவர்களைக் கார் பிரியர்கள் என்று ஒதுக்குகிற முற்போக்கு எனக்கு உவப்பில்லை. பழைய வண்டியைக் கழித்துக்கட்டத் தருகிற உதவித்தொகையைக் கான் எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறந்துவிட்டது இந்தத் தோல்விக்குப் பிறகுதான். முன்பே செய்ய என்ன தடை?

ஆனால் புகையைச் சுவாசிக்கிறவர்கள் இந்தக் கணக்கில் எங்கே? தென்கிழக்கு லண்டனில் பெருஞ்சாலை ஓரம் வாழ்ந்து 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படியொரு பதிவு அதுவே முதல். குழந்தைகளுக்கு ஓட்டு கிடையாது. கட்டணம் பில்லாக வீட்டுக்கு வரும். காற்று அப்படி வராது.

அடுத்த செப்டம்பரில் பிரதமர் சுனக், புதிய பெட்ரோல், டீசல் கார்களின் விற்பனைக்கான தடையை 2030இலிருந்து 2035க்குத் தள்ளினார். 495 ஓட்டின் அந்த வாசிப்பு தெம்பு தராமல் இது நடந்திருக்குமா? கான் பின்வாங்கவில்லை. விரிவாக்கத்தை எதிர்த்த வழக்கும் ஜூலை 28இல் தள்ளுபடியானது. 2024 மே மாதம் அவர் மூன்றாம் முறையாக மேயரானார். அதே ஜூலைப் பொதுத்தேர்தலில், யுலெஸ் அமலில் இருக்கும்போதே, பீல்ஸ் இந்தத் தொகுதியை 587 ஓட்டில் பிடித்தார்.