பண்ணைக் குட்டைக்கு விரிப்பு எவ்வளவு வேண்டும்?

முடிச்சூர், மணிமங்கலம் பக்கங்களில் தோட்டப் பாசனத்துக்காகக் குட்டை வெட்டி, நீர் கசியாதிருக்க பாலித்தீன் விரிப்பு போட எண்ணும் சிறு விவசாயிகள் முதலில் கணக்கைச் சரியாகப் போடுதல் வேண்டும். நீளத்துடன் ஆழத்தை இரு மடங்காக்கிக் கூட்டு என்று கடைகளில் சொல்வார்கள். செங்குத்துச் சுவர் உள்ள தொட்டிக்குத்தான் அது பொருந்தும். குட்டையின் கரையோ சரிவானது.

மேல்மட்டத்தில் 40 அடி நீளம், 30 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள குட்டையை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விட்டால், ஒவ்வொரு பக்கமும் 9 அடி உள்வாங்கி, அடித்தளம் 22 அடிக்கு 12 அடியாகும். (மணற்பாங்கான நிலத்தில் சரிவு இரண்டடி வேண்டும்.) சரிவின் நீளம்: 9-இன் வர்க்கம் 81, 6-இன் வர்க்கம் 36, கூட்டினால் 117, வர்க்கமூலம் சுமார் 10.8 அடி. இரு சரிவும் அடித்தளமும் சேர்ந்து நீளவாக்கில் 43.6 அடி, அகலவாக்கில் 33.6 அடி.

கரையிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழ அகலத்தில் பள்ளம் எடுத்து விரிப்பின் ஓரத்தைப் புதைக்க, பக்கத்துக்கு 3 அடி சேர்க்கவும். ஆக, 50 அடிக்கு 40 அடி. 2,000 சதுர அடி. கடைக் கணக்கில் இதே குட்டைக்கு 58-க்கு 48, அதாவது 2,784 சதுர அடி வரும்!

வர்க்கமூலம் வேண்டாதவர்கள் வெட்டி முடித்தபின் கயிற்றைக் கரையிலிருந்து சரிவு, அடித்தளம், எதிர்ச்சரிவு என்று படிய விட்டு அளக்கலாம். எனக்குக் கயிற்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம். காகிதத்தில் போட்ட சரிவை மண்வெட்டி அப்படியே வெட்டுவதில்லை. மூன்று இடங்களில் அளந்து பெரிய அளவைக் கொள்க. வெட்டுமுன் விரிப்பு வாங்க வேண்டாம்.

ஆழத்தை 4 அடியாகக் குறைத்தாலும் விரிப்பு 1,860 சதுர அடி வேண்டும். செலவு அதிகம் குறையாது, நீர்தான் குறையும். எனினும் முடிச்சூரில் ஆழம் குறைக்கக் காரணம் உண்டு. அடையாற்றை ஒட்டிய தாழ்வான ஊர் இது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய நிலத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, காலியான குட்டையின் விரிப்பை அடியிலிருந்து உப்பித் தூக்கிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். தரையிலிருந்து 5 அடியில் நீர் நின்றால் குட்டை 4 அடியோடு நிற்கட்டும். அதற்கும் மேலே நின்றால் அவ்விடத்தில் விரிப்பே வேண்டாம். விரிப்பு போட்டவர்கள் மழைக்காலத்தில் குட்டையை வற்ற இறைக்காமல், நீர் நிற்க விட்டு வையுங்கள்.