குறி – 11: மூன்று மில்லிமீட்டர்

போட்டி ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் ஜாக்கெட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் நம் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தே ஒரு கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

எழுதியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸோடு ஒரு .315 ரைபிள் வைத்திருக்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா ஆக்கும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். "ஆரம்பிக்க எந்த மெஷின் வாங்கலாம் சார்?" என்று கேட்டிருக்கிறார்.

எதையும் வாங்காதீர்கள் ஐயா. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். அதன்படி தோட்டா மட்டும் அம்யூனிஷன் அல்ல; அதன் உதிரிப் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அம்யூனிஷன்தான். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பதை 5ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. முதலாவது கையில் இருப்பதால் இரண்டாவது வந்துவிடாது.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943இல் தொடங்கிய ஆர்சிபிஎஸ் கம்பெனி இன்றும் ரீலோடிங் கருவிகளுக்குப் பேர்போனது. அவருடைய முதல் அச்சுகளுக்கு மூலப்பொருள் சுட்டுப்போட்ட .22 தோட்டாக் கூடுகள். அவற்றை அழுத்திக் குண்டுக்கு மேலுறையாக மாற்றினார். அந்த .22 கூட்டைத் திரும்பத் தோட்டாவாக்க முடியாது என்பதுதான் விசேஷம். அதில் பிரைமர் தனி மூடியாக இல்லை. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும்போது ஊசி விளிம்பை நசுக்கிவிடும், அதோடு கூட்டின் ஆயுள் முடிந்தது. அதனால் 50 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் .22 சுடுகிறவர்கள், ரீலோடிங் சகஜமான நாட்டில் பிறந்திருந்தாலும், பேக்டரி தோட்டாவைத்தான் நம்ப வேண்டும். எந்த லாட், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி, தங்கள் பேரலுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க, ரைபிளைத் தூக்கிக்கொண்டு பர்மிங்காமில் உள்ள எலே கம்பெனியின் சோதனை ரேஞ்சுக்கே போகிறவர்கள் உண்டு.

தோட்டாவைச் செய்ய முடியாதவர் தேர்ந்தெடுக்கிறார். வீட்டு மேஜையில் சட்டப்படி நாம் செய்யக்கூடிய வேலையும் அதுதான். அதற்கு ஏர் ரைபிளுக்கு வாருங்கள். 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிளில் அரை கிராமுக்குச் சற்று கூடுதலான ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் சொச்சம்.

அந்த ஈயக் குண்டான பெல்லட் ஒன்றை விரலில் எடுத்துப் பாருங்கள். தலை தட்டை, இடுப்பு ஒடுங்கியது, பின்பக்கம் மெல்லிய பாவாடை, உள்ளே வெற்றிடம். காற்றழுத்தம் பாவாடையை விரித்து, பேரலின் முறுக்கு வரிகளைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. முன்பக்கம் கனத்தும் பின்பக்கம் லேசாகவும் இருப்பதால், இறகுப்பந்து போல முகம் திரும்பாமல் போகிறது. தட்டைத் தலை அட்டையைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டுகிறது.

அது வெட்ட வேண்டிய இடம் 10 மீட்டர் தள்ளி, அரை மில்லிமீட்டர் புள்ளி. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இந்தக் கணக்குதான். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் இறுதியில், கடைசிக் குண்டுக்கு முன்பு அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமம். பிந்த்ரா 10.8 போட்டார்; அவர் குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. ஹாக்கினன் 9.7, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகல். பிந்த்ராவுக்கு 700.5 புள்ளிகளுடன் தங்கம், ஹாக்கினன் மூன்றாமிடம். இரண்டு விலகலுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. குண்டின் விட்டமே நாலரை! தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் ஒரு பெல்லட்டின் அகலத்துக்குள் தீர்மானமாகியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. 2019இல் ரியோ உலகக் கோப்பையிலும், பிறகு சீனாவின் புதியானில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் ஏர் ரைபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர். இங்கிருந்து கடலூர் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

சரி, எந்த பெல்லட்? டின்னில் தலையளவு 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருக்கும். விலையைப் பார்த்து எடுக்காதீர்கள், பிறர் பேச்சையும் கேட்காதீர்கள்; பேரல் சொல்லும். ஒவ்வொரு அளவிலும் ஒரு டின் வாங்குங்கள். ரேஞ்சில் ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுடுங்கள். ஒத்துப்போனால் பத்தும் ஒரே துளையில் விழும். ஒரு குண்டின் துளை லேசாக அகன்றது போலத்தான் தெரியும். ஒத்துப்போகாத டின் அட்டையில் தனித்தனியாகச் சிதறும். ஜெயித்த டின்னின் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். மறுமுறை அதே பெயரில், அதே அளவில் வருவது வேறு லாட்டாக இருக்கலாம். அப்போது சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ரைபிளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, பெல்லட்டைக் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கிவரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வீட்டில் வேண்டியது ஒரு மேஜை விளக்கு, ஒரு லென்ஸ், மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு. பாவாடை நெளிந்த குண்டையும், எடை மாறும் குண்டையும் தனியே போடுங்கள். கீழே விழுந்ததை எடுத்துச் சுடாதீர்கள். நம் ஊரில் ஜன்னல் திறந்திருந்தால் சாம்பல் தூசு படியும், டின்னை மூடியே வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் டின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஏர் ரைபிளில் மாட்டும், 200 பார் அழுத்தம் தாங்கும் காற்றுச் சிலிண்டர் பற்றியும் எழுத வேண்டும். அதன்மேல் பொறித்த தேதியிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள். பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். மற்றது அடுத்த வாரம். மே மாத நெய்வேலி வெயிலில் அந்தக் கனத்த கித்தான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எப்படி நிற்பது என்பதையும் அதோடு சேர்த்தே பார்ப்போம்.