வல்லூற்றைக் காத்த பழைய முட்டையோடுகள்

பறவைகளுள் மிக விரைந்து பாய்வது பொரி வல்லூறு. உயர வானில் சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் அது இரையின்மேல் பாய்கிறது. மூன்றாம் இமையொன்று அதன் கண்களைக் காக்கிறது.

இவ்வேகத்தையும் வீழ்த்தியது, மெதுவாகச் சேர்ந்த ஒரு நஞ்சு. பயிர்களுக்குத் தெளித்த டி.டி.டி., பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதனை உண்ட வல்லூறுக்கும் சென்று, வட்டிக்கு வட்டி சேர்வதுபோல் பெருகியது. முட்டையோடுகள் மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கின. 1960களின் நடுவில், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே குஞ்சு பொரிக்கும் இணை ஒன்றுகூட எஞ்சவில்லை.

இதே வீழ்ச்சியைப் பிரிட்டனில் ஆராய்ந்த டெரெக் ராட்கிளிஃப், சேகரிப்புகளில் பல்லாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டிருந்த முட்டையோடுகளை அளந்து எடைபோட்டார். 1947ஐ ஒட்டி ஓடுகள் திடீரென மெலிந்ததை 1967இல் வெளியிட்டார். பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதை அமெரிக்கா 1972இல் தடைசெய்தது. வளர்ப்பில் பிறந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அங்கே விடுவிக்கப்பட்டன. 1999இல் அழிவுநிலைப் பட்டியலிலிருந்து இப்பறவையின் பெயர் நீங்கியது.

அவ்வோடுகளைச் சேர்த்தவர்கள் இப்பயனை எதிர்பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் ஒவ்வொன்றிலும் நாளும் இடமும் குறித்து வைத்தனர். பழைய ஏடுகளைப் பேணுவது எதற்கென்று நம்மை எவரேனும் வினவினால், இவ்வல்லூற்றை நாம் சுட்டிக்காட்டலாம்.